நாடக வகுப்பு வாசலில் என் பதிவேடு

மண்டபத்துக்கு எதிரே ஒரு பஸ் தரிப்பிடம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு பெண் அங்கே வந்து நிற்பாள். பஸ் வரும், கதவு திறக்கும், ஆட்கள் ஏறுவார்கள், அவள் ஏறமாட்டாள். அடுத்த பஸ் வரும். அதிலும் ஏறமாட்டாள். இரண்டு மணித்தியாலம் அப்படியே நிற்பாள். மண்டபத்திலிருந்து அவளுடைய மகள் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவாள். மழை கொட்டினாலும் இதுதான். மண்டபத்துக்குள்ளே ஹீட்டர் இருக்கிறது, கதிரை இருக்கிறது, தேநீரும் இருக்கிறது. மகள் உள்ளே, தாய் வெளியே. இது என்ன கூத்து என்று எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம் இன்றைக்கும் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில் கோலியர்ஸ் வுட்டுக்கு அருகே ஒரு சமூக மண்டபத்தில் நான் பொறுப்பாளராக வேலை பார்த்தேன். பொறுப்பாளர் என்றதும் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கதவு திறக்க வேண்டும், கதிரை அடுக்க வேண்டும், கக்கூஸ் கழுவ வேண்டும், கடைசியில் கதவைப் பூட்ட வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு ஒரு கருநீல ஜாக்கெட் தந்திருந்தார்கள். நெஞ்சில் ஒரு அடையாள அட்டை, இடுப்பில் எல்லாக் கதவுகளுக்கும் ஒரு கொத்துத் திறப்பு. லண்டனுக்கு வந்து ஆறு வருடத்தில் முதல் தடவையாக நானும் ஒரு ஆள் என்று தோன்றியது அந்த ஜாக்கெட்டைப் போட்ட அன்றுதான். ஊரில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவள் நான். கோப்பும் முத்திரையுமாக இருந்த கைக்குத் துடைப்பம் வந்ததில் எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அதை அந்த ஜாக்கெட் கொஞ்சம் ஆற்றியது.

சனிக்கிழமை காலையில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும். ஆண்டு விழா நெருங்கினால் நாடக ஒத்திகை. தாய்மார் முன்வரிசையில் இருந்துகொண்டு பிள்ளையின் வசனத்தைத் தாங்களே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மேடையில் பிள்ளை அரசனாக நிற்கும். கையில் வாள் இருக்கும். கண் மட்டும் அம்மாவின் வாயில் இருக்கும்.

அவர்கள் போன பிறகு மத்தியானம் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளின் நாடக வகுப்பு. கொலம்பியா, ஈக்குவடோர், பெரு என்று பல நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சிலி நாட்டிலிருந்து எங்களுக்கெல்லாம் முந்தியே அகதியாக வந்தவள். ஐம்பது வயது இருக்கும். ஊரில் மேடை நடிகையாம். எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுமாறுவதால் பேச்சு நன்றாகவே ஓடும்.

வகுப்பை ஏன் தொடங்கினாள் என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"பள்ளிக்கூட நாடகங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு மரம் வேடம்தான் கொடுக்கிறார்கள்" என்றாள். "ஆங்கிலம் வராத பிள்ளை என்றால் மரம். கொஞ்சம் வந்தால் இரண்டாவது மரம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது. என் மகள் தன் பள்ளிக்கூடத்தில் இயேசு பிறப்பைக் காட்டும் நத்தார் நாடகத்தில் மூன்று வருடமாக ஆடு. மூன்று வருடமும் அந்த வெள்ளைப் பஞ்சு உடுப்பைத் தைத்துக் கொடுத்தவள் நான். ஒரு 'மே' கூடச் சொல்ல விடவில்லை.

அவளுடைய வகுப்பு எங்கள் ஒத்திகை போல இல்லை. எழுதி வைத்த வசனம் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை நடித்துக் காட்ட வேண்டும். ஸ்பானிய மொழியில் பேசலாம், ஆங்கிலத்தில் பேசலாம், பேசாமலும் நடிக்கலாம். கைக்குழந்தைகளையும் கூட்டிவரலாம். தாய்மார் அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்பவர்கள், ஷிப்ட் முடிந்து எந்நேரமும் வருவார்கள். பிந்தி வந்தாலும் அவள் முகம் சுளிக்கமாட்டாள். கடைசி அரை மணித்தியாலம் தாய் தகப்பன்மாரும் எழுந்து நடிக்க வேண்டும். அதுதான் அவளுடைய கட்டாயச் சட்டம். "பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டு வாசலோடு நின்றுவிடும்" என்பாள். வாளி தூக்கிக் களைத்த பெண்கள் வெட்கத்தோடு எழுந்து, ஐந்து நிமிடத்தில் ராணியாகவும் கழுதையாகவும் மாறுவதைக் குசினியின் பரிமாறும் யன்னல் வழியாக வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவுவேன். ஒரு சொல்லும் விளங்காது. எல்லாம் விளங்கும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எப்போதும் மஞ்சள் கம்பளிச் சட்டை போட்டிருப்பாள். ஒன்பது வயது. அவள் பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்றும், ஆசிரியர்கள் அவளுக்கு மூளை மந்தம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றும் நாடக டீச்சர் சொன்னாள். எனக்கு நம்பமுடியவில்லை. இந்த மண்டபத்தில் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறாத பெண்ணின் மகள் அவள்தான். தாயும் முதலில் உள்ளே வந்துகொண்டிருந்தவள்தான். கழுதையாக நடித்தவளும் அவளேதான்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

மண்டபக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு ஆங்கிலேயர். நல்ல மனுஷன். நெருப்புப் பாதுகாப்பு விதிப்படி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று குறித்து வைக்கச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கச்சேரியில் எட்டு வருடம் இருந்தவளிடம் போய் 'குறித்து வை' என்று சொன்னால் என்ன நடக்கும்? அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், கையொப்பம் என்று நான்கு பத்தி போட்டேன். பெயரும் கையொப்பமும் இல்லாத பதிவேடு ஒரு பதிவேடா? ஜாக்கெட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, எழுதும் அட்டையில் தாளைச் செருகி, வாசலில் நின்றேன். வந்தவர்களை ஒவ்வொருவராக மறித்து எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள் என்னைத் தெரிந்தவர்கள். "என்னக்கா, இஞ்சையும் கச்சேரி திறந்திட்டியளோ?" என்று நக்கலடித்துவிட்டுக் கையொப்பம் போட்டார்கள். மத்தியானம் வந்தவர்கள் நக்கலடிக்கவில்லை. கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொன்னார்கள். பேனையை வாங்கிக் கையொப்பமும் போட்டார்கள். அடுத்த கிழமை பாதிப் பேர் வரவில்லை.

அதற்கடுத்த கிழமை இன்னும் குறைந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளாக இருந்தது ஆறானது. தாய்மார் ஒருவர்கூட உள்ளே இல்லை. மஞ்சள் சட்டைக்காரியின் தாய் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தச் சனத்துக்கு எதிலும் ஒரு தொடர்ச்சி கிடையாது என்று நினைத்தேன். பதிவேட்டில் வராதவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் புள்ளடி போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

தலைவர் டீச்சரிடம் பேசினார். சனிக்கிழமை மத்தியான நேரத்தை ஒரு கராத்தே குழு கேட்கிறது, ஆறு பிள்ளைகளுக்காக முழு மண்டபத்தையும் வைத்திருக்க முடியாது என்றார். மார்ச் மாதக் கடைசியில் பெற்றோருக்குத் திறந்த நாள் வைத்து நாடகம் போடட்டும், குடும்பங்கள் வந்தால் வகுப்பு தொடரும், வராவிட்டால் கராத்தே என்று முடிவாயிற்று. அன்று டீச்சர் குசினிக்குள் வந்து தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு கேட்டாலும் ஏன் வரவில்லை என்று சொல்கிறார்கள் இல்லை" என்றாள். "அந்தப் பிள்ளைக்கு வேறு எங்கே குரல் வரும்?" மஞ்சள் சட்டைக்காரியைத்தான் சொன்னாள். எனக்கும் பாவமாக இருந்தது. நான் இன்னொரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை. வந்த ஆறு பிள்ளைகளும் தாங்களாகவே ஒரு நாடகம் தயார் செய்திருந்தார்கள். நான் வழக்கம்போல யன்னலில் நின்றேன்.

நான்கு கதிரைகளைச் சேர்த்துப் போட்டு ஒரு அறை. அதற்குள் பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். கதவு தட்டும் சத்தம். எல்லோரும் துள்ளி எழும்புகிறார்கள். ஒருத்தன் சப்பாத்துகளை அள்ளிக் கதிரைக்கு அடியில் தள்ளுகிறான். ஒருத்தி குழந்தையின் வாயைப் பொத்துகிறாள். இன்னொருத்தி சுவரிலிருந்து எதையோ ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுகிறாள். அது என்ன என்று அவள் காட்டவில்லை. கையைப் பல்லருகே கொண்டுபோய் ஒரு தரம் அசைத்தாள், அவ்வளவுதான்.

பல் விளக்கும் பிரஷ்.

எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. அது எங்கள் வீடு! நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஒப்பந்தத்தில் நான்கு பேர் என்று இருந்தது. நாங்கள் ஏழு பேர். என் கணவரின் தம்பி குடும்பமும், அகதி வழக்கு முடியாமல் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு மச்சானும் எங்களோடு இருந்தார்கள். வீட்டுக்காரரின் ஏஜண்ட் வருகிறார் என்றால் முதலில் சப்பாத்து ஒளியும், அடுத்தது பிரஷ். மூன்று பிரஷை என் கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த சனமும் இதே வேலைதான் பார்க்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்போது கதவைத் தட்டியவள் உள்ளே வந்தாள். மஞ்சள் சட்டைக்காரி. முதுகை நிமிர்த்தி, நாடியை உயர்த்தி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். இடுப்பில் ஏதோ தொங்குவது போலக் கையால் தட்டித் தட்டிக் கிலுக்கினாள். இல்லாத பொத்தானைப் பூட்டினாள். உள்ளங்கையை அட்டையாக விரித்து, விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டி, ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து எழுதத் தொடங்கினாள். குளிரில் என் இடது முழங்கால் பிடிக்கும். கச்சேரிக் காலத்திலிருந்தே விரலை நாக்கில் தொட்டுத்தான் தாள் புரட்டுவேன்.

 கோப்பையை வைத்துவிட்டுக் கீழே குனிந்துகொண்டேன், யாரும் என்னைப் பார்க்கக்கூடாது என்று.

எனக்கு இது தெரியாத விஷயமா? லண்டனுக்கு வருவதற்கு முன் கொழும்பில் ஒரு லாட்ஜில் இரண்டு மாதம் இருந்தோம். பொலிஸ் வந்து தமிழர்களின் பெயர்களை ஒரு புத்தகத்தில் பதிந்துகொண்டு போகும். எங்கள் பக்கத்து அறைப் பொடியன் அப்படிப் பதிந்த மூன்றாம் நாள் திரும்பி வரவில்லை. குரோய்டனில் அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்தில் நாளெல்லாம் வரிசையில் நின்றபோது, பைலைக் கையில் வைத்திருந்த ஒவ்வொருவரையும் கண்டு தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் தெரிந்தவள்தான் வாசலில் நின்று கோடு கீறிப் பெயர் கேட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்றும் கேட்டேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தலைவர் உம்மட்டை என்ன கேட்டவர்?" என்றார்.

"எத்தினை பேர் எண்டு."

"பேர் விலாசம் கேட்டவரோ?"

"இல்லை."

"பிறகு உமக்கு ஏன் உந்த விசர் வேலை? சனத்தை வெருட்டிப்போட்டு வந்து இருக்கிறீர்."

வேறு நாளாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். அன்று எழும்பிப் பல் விளக்கப் போனேன். குளியலறையில் ஏழு பிரஷும் வரிசையாக இருந்தன. பல் விளக்காமலே வந்து படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பதிவேட்டைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார். "எழுத்து மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் நான் ஒரு எண் மட்டும்தானே கேட்டேன்?" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

டீச்சரிடமும் சொன்னேன். கோபிப்பாள் என்று பார்த்தேன்.  சிலியில் ராணுவம் அவளுடைய நாடகக் குழுவின் பெயர்களை எழுதியதும் இப்படி அழகான எழுத்தில்தான் என்று மட்டும் சொன்னாள். 

"இப்பவே கிழித்துப் போடுகிறேன்" என்றேன்.

"நீங்கள் இங்கே கிழித்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்கள் மேடையில் ஏறுங்கள்."

"எனக்கு நடிக்க ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திறந்த நாளுக்கு முன்னிருந்த இரண்டு கிழமையும் சலவைக் கடை, சாப்பாட்டுக் கடை, துப்புரவுக்காரரை ஏற்றும் வான் நிற்கிற இடம் என்று ஒவ்வொன்றாகப் போய், வாசலில் நின்ற பெண் நாடகத்தில் நடிக்கிறாள், யாரும் பெயர் எழுதமாட்டார்கள், வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கவே வந்திருப்பார்கள். எனக்கு அதுவும் சம்மதம்தான்.

திறந்த நாளன்று மண்டபத்தின் முன்கதவை அகலத் திறந்து ஒரு கதிரையை முட்டுக்கொடுத்து வைத்தேன். வாசலில் யாரையும் நிற்க விடவில்லை. முதலில் ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு. பிறகு மளமளவென்று வந்தார்கள். பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தலைவர் முன்வரிசையில் தனியாக இருந்தார். மஞ்சள் சட்டைக்காரியின் தாய் மட்டும் பஸ் தரிப்பிடத்தில்தான் நின்றாள். மகளைப் பார்த்தேன். மகள் யன்னல் வழியாகத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் தொடங்கியது. கதிரைகளால் ஆன அதே அறை. இந்தத் தடவை அதற்குள் பிள்ளைகளோடு நானும் சுருண்டு படுத்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவள் என் கருநீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். அது அவளுடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இடுப்பில் என் திறப்புக் கொத்து. கையில் என் அட்டை, நான் எழுதிய அதே தாள்களோடு.  பின்வரிசையில் ஒரு கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது.

எங்களுக்கு வசனம் எழுதித் தரவில்லை. கேட்பதற்கு உண்மையைச் சொல்லு என்று மட்டும் டீச்சர் சொல்லியிருந்தாள்.

அவள் இடது காலை இழுத்து இழுத்து என் முன்னால் வந்து நின்றாள். ஆங்கிலத்தில் கேட்டாள், மண்டபம் முழுக்கக் கேட்கும் குரலில். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத அதே பிள்ளை.

"பெயர்?"

சொன்னேன்.

"முகவரி?"

சொன்னேன்.

"வீட்டில் எத்தனை பேர்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜாக்கெட்டையும் அட்டையையும் பார்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை என்பதும் மறந்துபோயிற்று.

"நாலு" என்றேன்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். அவர்களுக்கு அந்த 'நாலு' தெரியும். எத்தனை ஏஜண்டுமாருக்கு, எத்தனை அதிகாரிகளுக்கு அவர்களும் அதைச் சொல்லியிருப்பார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினாள். என் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள்.

"பிரஷ் எத்தனை?"

 தலைவர் இருக்கிறார், முன்பின் தெரியாத இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாத கணக்கு.

"ஏழு."

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல், சிரிப்பு, ஸ்பானிய மொழியில் கத்தல். ஒரு தகப்பன் எழுந்து நின்று எட்டு விரலைக் காட்டினான். ஒருத்தி ஆறு என்றாள். தலைவர் எல்லாம் நாடகம் என்று நினைத்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அந்தச் சத்தத்துக்குள் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒன்பது!"

பஸ்ஸில் ஏறாத பெண் ரோட்டைக் கடந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டை விரல் ஒன்றை மடக்கி, மற்ற ஒன்பது விரலையும் உயர்த்திக் காட்டினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மகள் அட்டையிலிருந்த தாள்களை உருவி எடுத்து, என் முத்து முத்தான எழுத்துகளை நான்காகக் கிழித்து, துண்டுகளைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தாய் அவற்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, தலைவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

கராத்தேக்காரருக்கு வேறு நாள் கொடுத்தார்கள்.

அன்று மாலை மண்டபத்தைப் பூட்டும் முன் வெற்றுத் தாளில் ஒரே ஒரு எண்ணை எழுதி வைத்தேன். நாற்பத்தொன்று. யார் யார் என்று யாருக்கும் தெரியாது. அதில் நானும் ஒருத்தி.